பத்து மணி ஜீப்

அந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளன்று எனக்குக் கொடுக்கப்பட்டவை இவை: ஒரு மர மேசை, கிராம வரைபடங்கள் ஒரு கட்டு, ஒரு அடிக்கோல், வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று, ஒரு நாற்காலி. பென்சில் பெட்டியில் ஊதா இல்லை. நாற்காலி இரண்டாவது வாரம் வேறு பிரிவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு வரைவாளரின் ஸ்டூலில் பாதி நாள், ஜன்னல் திட்டில் பாதி நாள் என்று உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நகரமைப்புப் படித்து முடித்த கையோடு செங்கல்பட்டில் ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. நகரத்தையும், சுற்றியுள்ள கிராமங்களையும், கிழக்கே கடல் வரைக்குமான ஊர்களையும் சேர்த்து, அடுத்த இருபது வருடத்துக்கு எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம். முதல் வாரமே அந்தப் பகுதியில் என்னென்ன வளம் உண்டு என்று பட்டியல் போட்டேன். ஏரிகள். பாலாற்று மணல். கருங்கல் குன்றுகள், அவற்றில் சில ஏற்கெனவே ஜல்லியாகி லாரி ஏறியவை. காப்புக்காடு. சவுக்குத் தோப்பு. கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர். மீன். பட்டியலை எட்டிப் பார்த்த வரைவாளர் சிரித்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி இருந்தவர். எதைப் பார்த்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேசுவார்.

“இதெல்லாம் கீதுன்றதாலதாம்மா பிளானே போடறாங்கோ. ஒண்ணுமே இல்லாத ஊருக்கு எவன் கலர் அடிக்கப் போறான்?”

வண்ணங்களுக்கு விதி உண்டு. வீடு என்றால் மஞ்சள். கடை நீலம். தொழிற்சாலை ஊதா. பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில் சிவப்பு. வயல் பச்சை. காலி நிலத்துக்கு வண்ணம் கிடையாது, தாள் வெள்ளையாகவே இருக்கும். ஒரு நிலத்துக்கு எந்த வண்ணம் என்று தீர்மானிக்கவும் விதி இருந்தது. கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. நிலத்தில் போய் நின்று, நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுத வேண்டும். படிக்கும் காலத்தில் எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருந்தது. சிபாரிசு, ஊர்க்கதை, பழைய பதிவேட்டின் பொய் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுகிறதே என்று நினைப்பேன்.

நிலத்தில் போய் நிற்க ஜீப் வேண்டும். அலுவலகத்துக்கு ஒரே ஜீப். எங்கள் அதிகாரி தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். காலை ஒன்பதரைக்கு ரயிலடியில் அவரை ஏற்றி, அலுவலகத்தில் இறக்கிவிட்டு, பத்து மணிக்கு ஜீப் எனக்குக் கிடைக்கும். மாலை நாலரைக்குள் திரும்பிவிட வேண்டும், ஐந்து மணி ரயிலுக்கு அவரைக் கொண்டுபோய் விடுவதற்காக. ஒருமுறை டிரைவரிடம் கேட்டேன், அதிகாரியை ஏற்றுவதற்கு முன்பே, காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரண்டு கிராமம் கூடுதலாக முடியுமே என்று.

“காத்தால ஆறு மணிக்குப் போயி இன்னாம்மா பாக்கப் போற?” என்றார். “நெலம் எங்கனா எழுந்து ஓடியா பூடும்? பத்து மணிக்குப் போனாலும் அங்கயேதான் படுத்துகினு கெடக்கும்.”

நான் சிரித்தேன். அவர் வாதத்தில் அப்போது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அப்படித்தான் நாற்பது கிராமங்களுக்கு மேல் பார்த்து முடித்தோம். கூடுவாஞ்சேரிப் பக்கம் வயல்களில் மனைக்கல் நட்டிருந்தார்கள். நிற்பது நெல்லா கல்லா என்று எதைப் பார்த்து எழுதுவது எனத் தெரியாமல் இரண்டையும் எழுதினேன். திருப்போரூர் சாலையில் மனை விற்பவர்கள் ஜீப்பைக் கண்டதும் இளநீர் வெட்டினார்கள். டிரைவர் குடித்தார், நான் குடிக்கவில்லை, அதனால் அவர் இரண்டு குடித்தார். கடற்கரைக்கு வரும்போது மே மாதம் ஆகிவிட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பெயர் இங்கே வேண்டாம். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீளமான மணல்வெளி, வரைபடத்தில் நான்கு சர்வே எண்கள். வடக்கே உள்ள மூன்று புறம்போக்கு. தெற்கே கடைசியில் உள்ளது பட்டா நிலம், உரிமையாளர் வெளியூர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மணல் கொதித்தது. கண்ணுக்குத் தெரிந்தவை: ஏற்றிவைத்த கட்டுமரங்கள் சில, அவற்றின் நிழலில் ஒரு நாய், நட்டுவைத்த கழிகள், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. மனிதர் ஒருவரும் இல்லை. நான்கு எண்களுக்கும் எதிரே ‘காலி’ என்று எழுதி, தாளின் பின்புறம் வழக்கம்போல நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஜீப்பில் ஏறியபோது வேலை சீக்கிரம் முடிந்த நிம்மதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் அந்தக் கடலுக்குப் புதியவள் கிடையாது. என் அப்பா அணு ஆராய்ச்சி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில், மதில் சுவர் கட்டிய ஊழியர் குடியிருப்பில்தான் நான் வளர்ந்தேன். அங்கே எல்லா ஊர்த் தமிழும் கேட்கும், கடல் சத்தமும் கேட்கும். மீன் வாசலுக்கே வரும். அதைப் பிடிக்கும் ஊருக்கு, பிடிக்கும் நேரத்தில், பதினெட்டு வருடத்தில் நான் ஒருநாளும் போனதில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அக்கா அந்தக் குப்பத்துக்காரர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பள்ளியில் படிக்கும்போதே வருவார். வேலைக்குச் சேர்ந்தபின் செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்தால் கூடையை இறக்கியபடியே, “இன்னா பாப்பா, கவர்மெண்டு எப்படிக் கீது?” என்பார். அம்மா சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, “இது நேத்து மீனுல்லா?” என்றால், “அம்மாவே, நீ பாக்கற பார்வையில மீனுக்கே காய்ச்சல் வந்துடும்” என்பார்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, செங்கல்பட்டுக்கு நேராகப் போகும் பஸ் வரவில்லை. மாமல்லபுரம் போய் மாறிக்கொள்ளலாம் என்று கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கினோம். எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் வளைந்து இறங்கும் மண்பாதை. அதை எனக்கு வரைபடத்தில் தெரியும். அந்தத் தாளை இரண்டு வாரம் முன்புதான் முடித்து வரைவாளரிடம் கொடுத்திருந்தேன். டயர் மாற்ற நேரமாகும் என்றார்கள். நான் பாதையில் இறங்கி நடந்தேன்.

மணல்வெளியில் நிற்க இடம் தேடவேண்டியிருந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் அரைவட்டமாகப் போட்ட பெரிய வலை, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் கரைக்கு வரும் இரண்டு நீளக் கயிறுகள். வடக்கே ஒரு கயிற்றில் இருபது பேர், தெற்கே வெகுதூரம் தள்ளி, பட்டா நிலத்துக்கு நேரே, இன்னொரு கயிற்றில் இருபது பேர். இழுக்க இழுக்க இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் நோக்கி நகர்ந்து வந்தார்கள். நடுவில், முந்தைய இழுப்பில், ‘பாடு’ என்பார்கள் அதை, வந்த மீன் குவிந்து கிடக்க, ஏலம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பொடி மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள்காரர்கள் பெட்டியோடு காத்திருந்தார்கள். ஒரு கிழவர் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு அங்கேயே பீடியும் பற்றவைத்தார்.

“யாரு இது? இன்னா பாப்பா, மீன் வாங்க இங்கயே வந்துட்டியா?” மீன்கார அக்கா கையில் பொடி மீனோடு எழுந்தார். “நான் இன்னா வூட்டாண்ட வரமாட்டேன்னா சொன்னேன்?”

“தினமும் இப்படித்தானாக்கா?”

“பின்ன? கடல் ஞாயித்துக்கெழமை லீவா வுடுது?”

“எத்தனை மணிக்கு முடியும்?”

“ஒம்போது, ஒம்போதரை. வெயில் ஏறிச்சின்னா மணல்ல கால் வெக்க முடியுமா? வலையக் கூட நெழலுக்குத் தூக்கினு பூடுவானுங்கோ, நைலான் இல்ல, பொசுங்கிடும். அஞ்சு மணிக்கு மேல மறுபடி கொண்டாந்து விரிச்சி கிழிசல் பாப்பானுங்கோ. பாடு நல்லாக் கீற மாசத்துல வந்து பாரு, நடக்க வழியிருக்காது, இந்த மொனைலேந்து அந்த மொனை வரைக்கும் நெத்திலி காயும்.”

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். நான்கு சர்வே எண்களையும் எழுதி, எதிரே பார்த்ததை எழுதினேன். பஸ் ஹாரன் அடித்தது. “எழுதிக்கினு கீறியே, இன்னாது அது? எங்க மேல கேஸா?” என்று ஒரு பெண் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அலுவலகத்தில் வரைவாளர் ஏற்கெனவே அந்தத் தாளை நகல் எடுத்துவிட்டிருந்தார். எதிர்காலத் திட்டம் அதன்மேல் வரையப்பட்டாகிவிட்டது. நான்கு எண்களும் ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால் சுற்றுலா: விடுதி, வேலி, புல்தரை. யாரும் சதி செய்யவில்லை. சுற்றுலாவுக்கு இவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் என்று மேலிருந்து குறிப்பு வந்திருந்தது. ஒதுக்க இடம் தேடினால் தாளில் வெள்ளையாக இருப்பதில்தான் கை போகும். வெள்ளையாக விட்டவள் நான்.

அதிகாரியிடம் போனேன். நல்ல மனிதர். மேசையில் எப்போதும் சீரகத் தண்ணீர் வைத்திருப்பார், மற்றவர்களுக்கும் ஊற்றித் தருவார்.

“சார், இந்தத் தாளைத் திருத்தணும். அது காலி நிலம் இல்லை.”

“நீங்க பாத்தப்போ என்ன இருந்துது?”

“காலியாத்தான் இருந்துது.”

“அப்போ சரியாதானே எழுதியிருக்கீங்க.”

“பாத்த நேரம் தப்பு சார். பத்து மணிக்கு ஜீப் கிளம்பினா கடற்கரைக்குப் போய்ச் சேரப் பதினொண்ணரை ஆகுது. அதுக்குள்ள அவங்க வேலையே முடிஞ்சுடுது.”

அவர் தண்ணீர் ஊற்றினார். “இந்த ஒரு ஊரை நேரம் தப்பிப் பாத்தோம்னு எழுதினா, மத்த ஊரையெல்லாம் எத்தனை மணிக்குப் பாத்தீங்கன்னு கேப்பாங்க. சொல்ல முடியுமா?”

முடியும். எல்லாத் தாளின் பின்புறமும் நேரம் இருந்தது. எல்லாமே பத்து மணிக்கு மேல், நாலு மணிக்குள். அவருக்கும் அது தெரியும்.

“மொத்த சர்வேயும் மறுபடியா பண்றது?” என்றார். “ஆட்சேபணை தெரிவிக்கிறதுக்குன்னு ரெண்டு மாசம் குடுக்கறமே, அது எதுக்கு? ஜனங்க எழுதிக் குடுக்கட்டும். வந்தா நான் திருத்தறேன்.”

அது எனக்கு நியாயமாகப் பட்டது. சோர்ந்திருக்கும்போது பல விஷயங்கள் நியாயமாகப் படும்.

ஆட்சேபணைகளை எப்படி எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எண்ணுகிறவள் நான். ஒரு தாள் வந்தால் ஒரு ஆட்சேபணை. தாளில் சர்வே எண் இருக்க வேண்டும். குப்பத்தில் யாருக்கும் தங்கள் மணலின் சர்வே எண் தெரிந்திருக்க நியாயமில்லை. அது பதிவேட்டில் யார் கேட்டாலும் தரக்கூடிய விவரம்தான், ரகசியமில்லை. ஒரு வாரம் மாலைகளில் அறையில் உட்கார்ந்து வீட்டுக்கு ஒன்று என்று கணக்கிட்டு நூற்று முப்பது தாளில் ஆட்சேபணையையும் நான்கு எண்களையும் கையால் எழுதினேன். பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது கட்டைக் கொடுத்து, நிலம் ஆரஞ்சாகப் போகிறது என்பதைச் சொல்லி, வீட்டுக்கு ஒருவர் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்றேன்.

அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். “ஊரு கூடிப் பேசி முடிச்சிடுச்சி பாப்பா. ஒரே மனு. அல்லாரும் அதுலயே கையெழுத்து.”

“ஒரே மனுன்னா ஒண்ணுன்னுதாங்கா எண்ணுவாங்க.”

“நூத்தி முப்பது வூட்டுக் கையெழுத்து கீது அதுல. குருடா அவனுங்கோ?”

“கையெழுத்தை எண்ணமாட்டாங்க. தாளைத்தான் எண்ணுவாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டாம் வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டபோது அம்மா அப்படித்தான் பார்ப்பாள். “ஊரு ஒண்ணு சொன்னப்புறம் நான் தனியா ஒரு சீட்டு நீட்டுனா, ஊர மீறுனேன்னு ஆயிடும். தெண்டம் போட்டு, மூணு மாசம் ஏலத்துல நிக்க வுடமாட்டானுங்கோ. அப்புறம் உங்கம்மா யாரு மீனக் கொறை சொல்லும்? நீ வேணா எங்க தலைவராண்ட வந்து பேசு.”

அடுத்த சனிக்கிழமை காலையில் போனேன். ஊர்த் தலைவர் வலை இழுத்து முடித்த ஈரக் கால்சட்டையோடு நின்று பொறுமையாகக் கேட்டார். நாற்பது வயதிருக்கும். நான் சொல்லி முடித்ததும் அவருக்கு என்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது போலிருந்தது.

“எம்மா, நூத்தி முப்பது வூடும் ஒரே பேச்சுன்னு காட்றதுதானே பெருசு? ஆளாளுக்கு ஒரு சீட்டு எடுத்துக்கினு வந்து நின்னா, இன்னாடா இது, ஊருக்குள்ள ஒத்துமை இல்ல போலக் கீதே, பேரம் பேசலாம்னு அவன் நெனைக்க மாட்டான்?”

“அவங்க எண்ணறது வேற மாதிரிண்ணே.”

“எண்ணட்டும். எங்க ஊரு மனு இதுவரைக்கும் தனியாப் போனதே இல்ல. போலீசுக்கும் சரி, கலெக்டருக்கும் சரி, பக்கத்து ஊரு கூடத் தகராறுன்னாலும் சரி.” பிறகு, என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, “நாஸ்தா சாப்ட்டியா?” என்றார்.

என் நூற்று முப்பது தாள்களில் ஒன்றுகூட அலுவலகத்துக்கு வரவில்லை. அவை என்ன ஆயின என்று பின்னால் கேட்டேன். “வீணாக்கல” என்றார் அக்கா. “சுண்டல் விக்கிறவளுக்குக் குடுத்துட்டேன். நல்ல தடிப் பேப்பரு.”

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றிய அலுவலகக் கூடத்தில் நடந்தது. அதற்குள் வந்திருந்த தாள்களை நான் வரிசைப்படுத்தி முடித்திருந்தேன். சுற்றுலாவை ஆதரித்து எழுபதுக்கு மேல் தனித்தனித் தாள்கள். எல்லாம் ஒரே தட்டச்சு, ‘ற’ மட்டும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கையெழுத்துகள் வெவ்வேறு. மனை விற்பவர்கள் வேலையைத் தெரிந்து செய்திருந்தார்கள். எதிர்த்து வந்தது ஒன்று. ஊர்த் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து, சுருட்டிய நீளத் தாளை இரண்டு கையாலும் அதிகாரியிடம் கொடுத்தார். பின்னால் இருபது பேர் நின்றார்கள், ஒருவரும் பேசவில்லை. தலைவர் மட்டுமே பேசுவார் என்று அதுவும் ஊரில் முடிவானது.

அதிகாரி விதிப்படி கேட்டார்: “வேற யாராவது தனியா சொல்ல விரும்பறீங்களா?”

இருபது பேரும் தலைவரைப் பார்த்தார்கள். “ஊரு சொல்லிச்சின்னா அதுக்கு மேல தனியா இன்னா சார் கீது?” என்றார் அவர், பெருமையாக.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அட்டவணையில் எதிர்ப்பு என்ற கட்டத்தில் ‘1’ என்று எழுதினேன். அந்த எண்ணை எழுதிய கை என்னுடையது என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அன்று மாலை எல்லாரும் போனபின், அடிக்கோலை எடுத்து அதன் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, ஒரு புதுக் கட்டம் உண்டாக்கினேன். தலைப்பு: ‘கையொப்பமிட்டோர்’. மனுவை விரித்து எண்ணினேன். கையெழுத்தும் கைநாட்டுமாக முந்நூற்றுச் சொச்சம். வீட்டுக்கு ஒருவர் என்று நான்தான் குறைத்து நினைத்திருந்தேன்; பெண்களும் வைத்திருந்தார்கள்.

மறுநாள் அதிகாரி அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். “இந்தக் கட்டம் படிவத்துல கிடையாதே.”

“ஆமா சார்.”

“மேல இருக்கறவங்க அடிச்சிடுவாங்க.”

“அவங்களே அடிக்கட்டும் சார்.”

பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்து கையெழுத்துப் போட்டார். வரைவாளர் எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஒரு கோடு போட்டதுக்கே ஆளு வேர்த்துட்டாரு பாரு” என்றார்.

எட்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஆட்சேபணை ஒன்று, கையொப்பம் முந்நூறுக்கு மேல் என்று காண்கிறது; விளக்கம் தேவை. பதில் வரையும் வேலை என்னிடம் வந்தது. மூன்று பத்தி எழுதினேன். நிலத்தைக் காலி என்று குறித்தது நான், குறித்த நேரம் இது, விடியற்காலையில் நேரில் பார்த்தபோது கண்டவை இவை, முதல் பதிவு தவறு. அதிகாரி படித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை மாற்றினார். ‘தவறு’ என்பதை அடித்து ‘முழுமையற்றது’ என்று எழுதினார். மற்றதை அப்படியே விட்டார். அவர் இடத்தில் இருந்து பார்த்தால் அது சின்ன விஷயமில்லை.

அதன்பிறகு எதுவும் நடக்காத காலம் ஒன்று. வரைவாளர் ஓய்வுபெற்றார். கணினிகள் வந்தன, அவற்றோடு நாற்காலிகளும் வந்தன. என் ஒப்பந்தம் இரண்டுமுறை நீட்டிக்கப்பட்டு மூன்றாம் முறை நீட்டிக்கப்படவில்லை. காரணம் எழுத்தில் இல்லை, நானும் கேட்கவில்லை. பொத்தேரியில் கல்லூரி மாணவர்களுக்கு விடுதி கட்டும் ஒரு கட்டட நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு தளத்தில் எத்தனை கட்டில் போடலாம் என்பது என் வேலை. கஷ்டமில்லாத கணக்கு.

திட்டம் இறுதியானதை முன்னாள் அதிகாரிதான் போனில் சொன்னார். “உங்க நாலு நம்பர்ல மூணு மாறிடுச்சி. மீனவர் பொதுப் பயன்பாடு. நாலுக்கு மூணு! நான் இத்தனை வருஷத்துல பாத்ததில்ல.” தெற்கே உள்ள நாலாவது பட்டா நிலம் என்பதால் ஆரஞ்சாகவே நின்றுவிட்டது. மாற்றத்துக்கான ஆணையின் நகலை அவரே எடுத்து அனுப்பிவைத்தார். நான் மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன். நாலுக்கு மூன்று.

அந்த வருடமே தெற்கு நிலத்தில் விடுதிக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கட்டடம் விதிப்படி கடலிலிருந்து தள்ளித்தான் எழும்பியது. வேலி மட்டும் அலை தொடும் இடம் வரைக்கும் இறங்கியது. கட்டடம் கூடாது என்று விதி உண்டு, முள்கம்பி கட்டடமா என்பதில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, ஒருநாள் காலை ஐந்தரைக்குக் குப்பத்துக்குப் போனேன். தலைவர் வடக்குக் கயிற்றில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் ஏதோ வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் தெற்கே கையைக் காட்டினார்.

“வலைக்கு ரெண்டு கை வேணும்மா. ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ தூரம் வேணும், இல்லாங்காட்டி வாயே தொறக்காது. தெக்கால கைய வெட்டிட்டு மிச்ச ஒடம்ப எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்கோ.”

“வடக்கே தள்ளிப் போட முடியாதாண்ணே?”

“வடக்கால பக்கத்து ஊருக்காரன் வலை போடற எடம். எல்லை பேசி வெச்சது. நாங்க ஒரு மார் தூரம் தாண்டுனா அவன் வலைய அறுப்பான், அவன் தாண்டுனா நாங்க அறுப்போம்.”

இதை நான் வரைபடத்தில் பார்த்திருக்க முடியும். விடியற்காலையில் நேரில் பார்த்து எழுதிய பட்டியலிலேயே இருந்தது: வடக்கு எண்ணில் கயிறு, நடு எண்களில் ஏலம், தெற்கு எண்ணில் கயிறு. நான்கு வரியாக எழுதியிருந்தேன். நாலும் சேர்ந்து ஒரு வேலை என்று எந்த வரியிலும் எழுதவில்லை.

அக்கா கொஞ்சம் தள்ளி நெத்திலி விரித்துக்கொண்டிருந்தார். அது பாடு நல்ல மாதம். நடு நிலம் முழுக்க வெள்ளி போலப் பரவியிருந்தது. “வா பாப்பா, அதும் மேல மிதிக்காத” என்றார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தினேன்.

“உங்க தலைவர் திட்டறார்.”

“அவரு திட்டட்டும். எனக்கு இடம் நெலச்சிது. எவனும் வந்து கருவாட்ட வாருன்னு சொல்ல முடியாது, பேப்பரு கீது.” கீழே பார்த்து மீனைக் கையால் பரப்பினார். “எங்க வூட்டுக்காரருதான் தெக்குக் கயிறு. காத்தால நான் சிரிச்சா அவருக்குக் கோவம் வருது. எங்க வூட்ல பாதிப் பேருக்கு சந்தோஷம், பாதிப் பேருக்கு பேஜாரு. யாரு பக்கம்னு கொழந்தைங்க கேக்குது.”

தெற்குப் பக்கம் பார்த்தேன். வேலி இறங்கிய இடத்துக்கு முன்னால், நிற்க வேண்டிய மணல் வேலிக்குள் போய்விட்டதால், இருபது பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அலை வரும்போது கால் ஊன்ற முடியாமல் எல்லாரும் ஒரு அடி பின்னுக்குப் போனார்கள், அலை வடிந்ததும் இரண்டு அடி இழுத்தார்கள். கம்பியில் முதுகு படாமல் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. அவர்களில் அக்காவின் கணவர் யார் என்று தூரத்திலிருந்து தெரியவில்லை.

கரைவலை இரண்டு கயிறும் ஒரே அளவில் வந்தால்தான் மீனோடு வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை சாய்ந்து, மீன் அந்த வழியாகவே போய்விடும். வடக்கே உள்ளவர்களுக்குக் காலடியில் நல்ல மணல் இருந்தது, அவர்கள் கயிறு முந்தத் தொடங்கியிருந்தது. தலைவர் திரும்பிப் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டார். பிறகு வடக்குக் கயிற்றின் இருபது பேரும், கயிற்றைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு, மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் பீடியைப் பக்கத்தில் கொடுத்தார். தெற்குக் கயிறு வருவதற்காகக் காத்திருந்தார்கள்.